நாலாவது மாடிக்காகச் சாப்பிட்டவள்

பெருங்குடியில் நெடுந்துணை காப்பீட்டு நிறுவனத்தின் நாலாவது மாடியில் மத்தியானச் சாப்பாட்டை ஒழித்துவிட்டார்கள். ஒரேயடியாக. அதற்கு முன்னாலும் அங்கே யாரும் ஒழுங்காகச் சாப்பிட்டுக் கிழித்துவிடவில்லை என்பது வேறு விஷயம். ஒரு கையில் சப்பாத்திச் சுருள், மறு கையில் மவுஸ், காதில் மாட்டியிருக்கிற ஃபோனில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி அழுகிறாள். இதற்குப் பெயர் லஞ்ச் பிரேக். டிபன் பாக்ஸைத் திறக்காமலே திருப்பி எடுத்துப்போய், வீட்டில் திட்டு விழுமே என்று பஸ் ஸ்டாப் நாய்க்குக் கொட்டுகிற ஆட்களெல்லாம் இருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பையைத் தூக்கினால் "என்ன, இன்னைக்கு அரை நாள் லீவா?" என்று கேட்கிற ஆபீஸ் அது. எட்டு மணிக்குக் கிளம்புகிறவன் சுமாரான உழைப்பாளி. ஒன்பதுக்குக் கிளம்புகிறவனுக்குத்தான் வருஷக் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையும் கைதட்டலும். கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. நிறுவனம் ஒரு குடும்பமாம், குடும்பத்தில் யாராவது கூலி கேட்பார்களா என்பார்கள்.

அந்தக் குடும்பத்துக்கு நாலாவது மாடியில் தலைவர் பரணீதரன், க்ளெய்ம் பிரிவு மேனேஜர். யாராவது செத்தாலோ கை கால் போனாலோ பணம் கேட்டு வருகிற மனுக்களை ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்கிற பிரிவு. ஆறு வருஷமாகத் தான் மத்தியானம் சாப்பிட்டதே இல்லை என்பதை, மற்றவர்கள் வாங்கிய பட்டத்தைச் சொல்லிக்கொள்வதுபோல அவர் சொல்லிக்கொள்வார். ஒருநாள் காலையில் அவர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஃப்ரெண்ட்ஸ், இனிமே உங்கள்ல யாரும் மத்தியானம் சாப்பிட வேண்டாம். ஒருத்தர் சாப்பிட்டாப் போதும். மீதிப் பேருக்கு வயிறு நிறைஞ்சிடும்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் பேச்சில் எதற்குச் சிரிக்கலாம், எதற்குச் சிரிக்கக் கூடாது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். பக்கத்தில் நின்ற நவ்ஷாத் ஒரு பெட்டியைத் திறந்தான். பட்டை தயாரிக்கிற கம்பெனியிலிருந்து வந்த டெக்னீஷியன். அரைஞாண் கயிற்றை அகலப்படுத்தியது மாதிரி ஒரு கறுப்புப் பட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டினான்.

"இதுக்குப் பேரு பந்திப் பட்டை. வயிறு நிறைஞ்சதும், போதும்ப்பா நிறுத்துன்னு ஒரு நரம்பு வழியா மூளைக்குச் சேதி போகும்ல? அந்தச் சேதியை இது பிடிச்சு மத்த பட்டைக்கெல்லாம் அனுப்பிடும். அங்க இருக்கற மூளை, சரி நாமளும் சாப்பிட்டாச்சுன்னு நம்பிடும்."

"நம்பும், சரி. வயித்துல ஒண்ணும் இருக்காதேப்பா?" என்று கேட்டார் ஒப்பிலி. மூத்த அலுவலர், வீட்டிலிருந்து வருகிற தயிர்சாதத்தை ஸ்பூன் ஸ்பூனாகச் சாயங்காலம் வரை சாப்பிடுகிறவர்.

"காலைல ஒரு சத்துப் பொடி தருவோம் சார். அது உடம்புக்குத் தாங்கும். ஆனா பசி அதுக்கு அடங்காதே. பசிதான் எடைஞ்சல். அதைக் கழட்டிட்டா மனுஷன் நிம்மதியா வேலை பார்ப்பான்."

"யாரு அந்தச் சாப்பிடற ஆளு?" என்று யாரோ கேட்டார்கள்.

"யார் வேணா இருக்கலாம்," என்றார் பரணீதரன். "ஒரு மணிலேர்ந்து ஒன்றரை வரைக்கும் அவங்களுக்கு ஃப்ரீ. அந்த அரை மணியை சாயங்காலம் எக்ஸ்ட்ராவா இருந்து ஈடுகட்டணும். ஏற்கெனவே இருக்கற எக்ஸ்ட்ராவுக்கு மேல."

கூட்டம் முழுக்கத் தரையைப் பார்த்தது. அப்போது ஒரு கை உயர்ந்தது. சேர்மக்கனியின் கை.

அவளுக்கு அந்த அரை மணி நேரம் என்பது சாப்பாடு இல்லை, புருஷன். ஏரல் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இரண்டு வருஷம். புருஷன் லிங்கதுரைக்கு இறால் வைக்கிற குளிர்பதனக் கிடங்கில் வேலை. மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் நடுச்சாமத்தில்தான் விடுவார்கள். அவன் வந்து படுக்கும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். வார லீவாவது ஒத்துவருமா என்றால், அவளுக்கு ஞாயிறு, அவனுக்குப் புதன். அதனால் அவன் காலையில் எழுந்து சமைத்து, சுடச்சுட எடுத்துக்கொண்டு, அக்கினி நட்சத்திர வெயிலிலும் கிடங்குக்கான கம்பளி ஸ்வெட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு மணிக்கு அவள் ஆபீஸுக்குப் பின்னால் வந்து நிற்பான். அங்கே கிடந்த ஒரு சிமென்ட் குழாய்மேல் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். அவர்கள் குடும்பம் நடத்தியதெல்லாம் அந்தக் குழாய்மேல்தான். மத்தியானச் சாப்பாட்டை ஒழித்தால் அவளுக்குக் கல்யாணத்தையே ஒழித்ததுபோல. கையைத் தூக்காமல் என்ன செய்வாள்?

"வெரி குட்," என்றார் பரணீதரன். "உங்களை வேலையில நிரந்தரம் பண்றதுக்கு இதெல்லாம் கணக்குல வரும்." அவளுடைய தகுதிகாண் காலத்தை அவர் இரண்டு தடவை நீட்டியிருந்தார்.

முதல் நாள் லிங்கதுரை கொண்டுவந்தது புளிக்குழம்பும் வறுத்த நெத்திலிக் கருவாடும். இடுப்பில் பட்டையோடு அவள் உட்கார்ந்ததைப் பார்த்து அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏட்டி, அப்ப நான் ஒரு மாடிக்கே சோறு ஆக்கிருக்கேனா? சொல்லிருந்தா இன்னும் ரெண்டு கருவாடு போட்டிருப்பேன்லா."

"பேசாம இருங்க. கண்டமேனிக்குச் சிரிச்சா சேதி கெட்டுப்போகும்."

"கெட்டாப் போகட்டும். ஓசிச் சாப்பாடுதான அவுகளுக்கு."

அவள் மேலே திரும்பி வந்தபோது மாடியே அவளைப் பார்த்தது. யாரும் கீபோர்டைத் தொடவில்லை. ஒப்பிலி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வேர்த்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, என்னம்மா அது? முறுமுறுன்னு, உப்பா..."

"நெத்திலிக் கருவாடு சார்."

அறுபது தலைமுறையாகச் சைவம் என்று சொல்லிக்கொள்கிற மனுஷன். அப்படியே எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டார்.  அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவள் இரவெல்லாம் மனசுக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டு மறுநாள் போனால், அவரே முந்திக்கொண்டு அவள் இடத்துக்கு வந்தார்.

"எங்காத்து வாத்தியார்ட்ட ஃபோன்ல கேட்டுட்டேன். வாயில படலை, வயித்துல விழலை, வெறும் சேதிதானேன்னா தோஷமில்லைன்னுட்டார்." அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கும் அதேதானா?"

இப்படி ஆரம்பித்ததுதான். ஒரு வாரத்தில் நாலாவது மாடி முழுக்க லிங்கதுரையின் கைப்பக்குவத்துக்கு அடிமை. புளி தூக்கல் என்று ஒருவர், நேற்று வைத்த தேங்காய்ப்பால் சொதி மறுபடி எப்போது என்று ஒருவர். கடைசி உருண்டையை ஏன் அவசரமாக விழுங்கினாய் என்று ஒருத்தி சண்டைக்கே வந்தாள். ஒருநாள் தயிர்சாதம் கொண்டுவந்தான். ஒன்றே முக்கால் மணிக்கு மாடி முழுக்கத் தலைகள் சாய்ந்துவிட்டன, பரணீதரன் உட்பட. அவரும்தான் பட்டை கட்டியிருந்தார், முன்மாதிரியாக. விழித்து எழுந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு தயிருக்குத் தடை போட்டார்.

தயிரைத் தடுத்துவிட்டார், சரி. சிரிப்பைத் தடுக்க மறந்துவிட்டார். குழாய்மேல் லிங்கதுரை ஏதாவது சொல்ல, சேர்மக்கனி வாயில் சோற்றோடு சிரிக்க, அந்த நேரத்தில் மேலே செத்தவர் வீட்டோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் காரணமே தெரியாமல் நெஞ்சு குளிர்ந்தது. "உங்கள் கணவர் மறைவுக்கு வருந்துகிறோம்" என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னார்கள். சொன்னதோடு விட்டார்களா? ஐயோ பாவம், கொடுத்துவிட்டுத்தான் போவோமே என்று மனுவை ஏற்றுக்கொண்டும் விட்டார்கள். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் பரவாயில்லை, இனிஷியல் மாறினாலும் பரவாயில்லை. ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை அந்த மாடிக்கு எவன் செத்த மனு வந்தாலும் குடும்பத்துக்குப் பணம் உறுதி.

தலைமை அலுவலகத்துக்கு மயக்கம் வராத குறை. பரணீதரன் நவ்ஷாத்தைக் கூப்பிட்டு உலுக்கினார். "வயிறு நிறையற சேதி மட்டும்தானே வரும்னு சொன்ன?"

"நரம்பு ஒண்ணுதான் சார். வயித்துச் சேதியும் அது வழியாத்தான் போகுது, நெஞ்சுச் சேதியும் அது வழியாத்தான் போகுது. ரெண்டையும் எங்களால பிரிக்க முடியலை. அந்தம்மா சந்தோஷமா சாப்பிட்டா எல்லாரும் சந்தோஷமா சாப்பிட்ட மாதிரிதான்."

"அப்ப அவங்க சந்தோஷமில்லாம சாப்பிடணும்," என்றார் பரணீதரன். அவருக்கு எந்தச் சிக்கலும் ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

மறுநாளிலிருந்து சேர்மக்கனி பழைய ஜெராக்ஸ் அறையில் தனியாகச் சாப்பிட வேண்டும் என்று ஆயிற்று. சுவரைப் பார்த்துப் போட்ட ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மூலையில் கேமரா. லிங்கதுரையை கேட்டுக்கு உள்ளே விடவில்லை. டிபன் பாக்ஸை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, கிடங்குக்கு நேரமாகும்வரை வெளியே நின்று நாலாவது மாடியை அண்ணாந்து பார்ப்பான். ஜெராக்ஸ் அறைக்கு ஜன்னல் கிடையாது.

முதல் நாள் அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். அவன் ஆக்கிய சோறு, எதிரே அவன் இல்லை. தொண்டை அடைத்தது. மேலும் இரண்டு வாய் தள்ளினாள், கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே மாடி முழுக்கத் தொண்டையைக் கனைத்தார்கள், மூக்கை உறிஞ்சினார்கள். பரணீதரன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டே மனுக்களைத் தள்ளினார். ஆமாம், தள்ளினார். எல்லோரும் சரமாரியாகத் தள்ளினார்கள்.

"அழுகையா வந்தா இரக்கம் வரணும்தானே சார்? ஏன் எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ணுனிய?" என்று அவள் ஒப்பிலியைக் கேட்டாள்.

"நானும் அப்படித்தாம்மா நினைச்சிண்டிருந்தேன்," என்றார் அவர். "நம்ம துக்கமே நெஞ்சை அடைச்சிண்டு நிக்கறப்போ இன்னொருத்தர் துக்கத்தை எங்க வாங்கி வைக்கறது? சீக்கிரம் மூடித் தொலைக்கணும்னு கை தன்னால போறது."

அந்த மாதம் ஏற்ற மனுக்கள் எப்போதும் இல்லாத அளவுக்குக் குறைந்தன. பரணீதரன் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார். "சேர்மக்கனிதான் இந்த மாசத்து ஸ்டார்."

"சார், நான் சந்தோஷமா இல்ல சார்," என்றாள் அவள்.

"அதேதான். அப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க." சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இது இத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது மாடியில் இருந்தது விற்பனைப் பிரிவு, ஃபோனில் பாலிசி விற்கிறவர்கள். அவர்களுக்கும் பட்டை வந்திருந்தது, அவர்களுக்காகச் சாப்பிட்டவர் உமையாள் என்று ஒரு காரைக்குடிக்காரர். ஐம்பது வயசிருக்கும். கணக்கில் புலி, முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு கிடையாது. அவர் சாப்பிட்டதும் விற்பனைப் பிரிவு முழுக்கக் கறாராகிவிடும். வாங்க வந்தவனிடமே, உனக்கு எதற்கு இவ்வளவு பெரிய பாலிசி என்று கேட்பார்கள். விற்கிறவன் குரலில் குழைவு வேண்டாமா? நாலாவது மாடியைச் சந்தோஷத்தால் கெடுத்த ஒரு ஆள் இருக்கிறானாமே, அவனைக் கூப்பிடு என்றது தலைமை அலுவலகம்.

லிங்கதுரைக்கு ஆபீஸிலிருந்து ஃபோன் வந்தது. தினமும் ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை வேலை, உணவு வேளையில் உரையாட வேண்டும், சமையலோடு வர வேண்டும் என்றார்கள். அவன் ஒரே சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டான். இஸ்திரி போட்ட சட்டையும் கக்கத்தில் ஸ்வெட்டருமாக வந்து நின்றவனை லிஃப்டில் ஏற்றி இரண்டாவது மாடியில் இறக்கிவிட்டார்கள். அன்று சாயங்காலம் கிடங்கிலிருந்து ஃபோன் செய்தான்.

"உங்கூட உக்காரச் சொல்லுதாகன்னுல்லா நெனச்சேன். இங்க பாத்தா ஒரு அக்கா உக்காந்திருக்காக. மொறைச்சிக்கிட்டே சாப்பிடுதாக. நான் நாளைக்கு வரமாட்டேன் கனி, சொல்லிரு."

அவள் பரணீதரனிடம் போய்ச் சொன்னாள். அவர் கோபப்படவே இல்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "வராம இருக்கறது அவர் இஷ்டம். உங்களை நிரந்தரம் பண்றதை அடுத்த மாசம் பார்க்கலாம்னு இருந்தேன். ஒரே குடும்பமா இருந்தா எனக்கும் மேல எடுத்துச் சொல்ல வசதி." அவள் எழுந்து வந்துவிட்டாள். லிங்கதுரை மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான்.

இப்போது அவளுக்குத் தொண்டை அடைப்போடு வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது. தன் புருஷன், தன் அரை மணி நேரம், தனக்கென்று வருகிற சிரிப்பு. எல்லாம் இரண்டு மாடி கீழே யாரோ ஒரு பொம்பளைக்குப் போகிறது. விற்பனைப் பிரிவில் ஒரே குதூகலம் என்று லிஃப்டில் பேசிக்கொண்டார்கள். உமையாள் அக்காவே சிரிக்கிறாராம், ஒருநாள் புரையேறித் தண்ணீர் கொடுத்தார்களாம். சேர்மக்கனி வெறும் சோற்றை வெறித்துப் பார்த்துச் சாப்பிட்டாள், நாலாவது மாடி பேய் பிடித்ததுபோல மனுக்களைத் தள்ளியது.

அப்படித் தள்ளியதில் ஒன்று உத்திரமேரூர்க்காரர் ஒருவருடையது. மனைவி இறந்துபோயிருந்தார். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அந்த அம்மாவின் இனிஷியல் அப்பா பெயருக்கு இருந்தது, பாலிசியில் புருஷன் பெயருக்கு. கல்யாணம் ஆனால் மாறுகிற சமாச்சாரம், பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பெரியவர் ஃபோனில் நிதானமாகத்தான் விளக்கினார். "அவ பொறந்த வீட்டு இனிஷியலை விடவே மாட்டேன்னுட்டாங்க. நானும் வற்புறுத்தலைங்க." ஒப்பிலி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ரிஜெக்டை அழுத்தினார். இரண்டரை மணிக்கு அடைப்பு விலகியதும் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒருமுறை தள்ளினால் தள்ளியதுதான், அந்த ஆபீஸில் திருப்பி எடுக்கிற வழக்கமில்லை.

"நீங்க தள்ளல சார். என் தொண்டைலருந்துதான் அது வந்திருக்கு," என்றாள் சேர்மக்கனி.

அவர் அடுத்த மனுவைத் திறந்தார். இல்லை என்று சொல்வார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள்.

அதன்பிறகு அழக்கூடாது என்று தீர்மானித்தாள். துக்கப்படுகிற உரிமைகூடத் தனக்கு இல்லை என்று ஆகிவிட்டதை நினைத்தபோது இன்னும் துக்கம்தான் வந்தது. சாப்பிடும்போது வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தாள். ஊர்க் கோயில் கொடையில் கேட்ட வில்லுப்பாட்டை முனகிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சந்தோஷமாக இரு என்று மனசுக்கு உத்தரவு போட்டால் அது கேட்கிறதா என்ன?

ஒருநாள் லிஃப்ட் ஓடவில்லை. அவள் படியேறி வரும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் உமையாள் எதிர்ப்பட்டார். வழிவிடாமல் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் சேர்மக்கனியா?"

"ஆமா." அதற்குமேல் பேச அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நல்லதாப் போச்சு. உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி வை. எனக்கு வேற ஏதாச்சும் கதை சொல்லச் சொல்லு. அந்த மனுஷனுக்கு உன்னை விட்டா வேற பேச்சே கிடையாதா?"

"என்னையவா?"

"பின்னே? நேத்து முழுக்க அந்த ஸ்வெட்டர் கதைதான். மே மாச வெயில்ல நீ அதைத் தொவச்சு மொட்டை மாடியில காயப் போட்டியாம். வீட்டுக்காரம்மா வந்து, யாருடி காஷ்மீருக்குப் போறதுன்னு கேட்டுச்சாம். நீ முகத்தை இப்படி வச்சுக்கிட்டு, எங்க வீட்டுக்காரர் தெனமும் போயிட்டுத்தான் வாரார், இன்னைக்கு நைட்டும் வந்திருவார்னு சொன்னியாம். அந்தம்மா நம்பி, ஆப்பிள் வாங்கிட்டு வரச் சொல்லிச்சாம்." சொல்லும்போதே உமையாளுக்கு உதடு கோணியது. சமாளித்துக்கொண்டார். "அதைச் சொல்லிட்டு அவர் சோத்தைக் கீழ வச்சிட்டு அவரே சிரிக்கிறார். முந்தாநாள் நீ பாம்புன்னு நெனச்சுக் குடைக்கம்பியை அடிச்ச கதை. அதுக்கு முன்னாடி நீ தூக்கத்துல எழுந்து க்ளெய்ம் நம்பர் சொன்ன கதை. நீ எதிர்ல இல்லாட்டி என்ன, அந்த மேசையில எனக்கு உக்கார எடமே கிடையாது. அங்க நீதான் உக்காந்திருக்க."

அவர் இறங்கிப் போய்விட்டார். சேர்மக்கனி மேலே ஏறினாள். பாவி மனுசன், வீட்டு விஷயமெல்லாம் கொட்டிருக்கான் என்று கோபம் வந்தது. அந்தக் கோபம் மூன்றாவது மாடிவரைகூடத் தாங்கவில்லை.

மறுநாள் ஒரு மணிக்கு ஜெராக்ஸ் அறையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். இந்நேரம் கீழே எந்தக் கதை ஓடும்? குடைக்கம்பிக்கு அடுத்து எதைச் சொல்வான்? கல்யாணத்தன்று தாலி கட்டும்போது அவன் முடிச்சுப் போடத் தெரியாமல் அவளிடமே கேட்டானே, அதைச் சொல்வானா? அதைச் சொன்னால் அவன் மானம்தானே போகும். சொல்லாமல் அதைத் தாண்டிப் போக அவன் படுகிற பாட்டை நினைத்தாள். வாயில் சோறு இருந்தது, சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே நாலாவது மாடி முழுக்க ஒரு பெருமூச்சு விட்டுத் தளர்ந்து உட்கார்ந்தது. ஒப்பிலி ஃபோனில் காத்துக்கொண்டிருந்த ஆளிடம், "கவலைப்படாதீங்கோ, இதோ ஏத்திட்டேன்," என்றார்.

ஒரு வாரத்தில் மறுபடி தலைமை அலுவலகம் குதித்தது. பரணீதரன் கேமராத் திரைக்கு முன்னால் நவ்ஷாத்தை உட்கார வைத்துக்கொண்டு பார்த்தார்.

"யாராவது கூட இருக்காங்களா?"

"இல்ல சார். தனியாத்தான் இருக்காங்க. செவுத்தைப் பார்த்துச் சிரிக்கிறாங்க."

"செவுத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார். செவுருதான்."

செய்யாததில்லை. லிங்கதுரையை நிறுத்திவிட்டு உமையாளுக்கு எதிரே ஒரு மிமிக்ரிக் கலைஞரை உட்கார வைத்தார்கள். உமையாள் அவரிடம் வருமான வரி கட்டுகிறீரா என்று கேட்டார், அன்றைய விற்பனை படுத்துவிட்டது. லிங்கதுரையைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவன் வந்த அன்றே நாலாவது மாடியில் சுவர் மறுபடி சிரிப்பு மூட்டியது. சேர்மக்கனியை மாற்றி ஒப்பிலியைச் சாப்பிட வைத்தார்கள். இது செரிக்குமா, அது ஒத்துக்கொள்ளுமா என்று அவர் பயந்து பயந்து சாப்பிட்டதில் மாடி முழுக்க நெஞ்செரிச்சல். பாதிப் பேர் மறுநாள் லீவு. எப்படிப் போட்டாலும் ஒரு பக்கம் இடித்தது. இந்த ஒரு புருஷன் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பெரிய மனுஷர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள்.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் பரணீதரன்தான். மேலிடத்தோடு பேசும்போது அவர் குரல் தழுதழுத்தது.

"சார், பிரச்சினையே ஒரு மணிலேர்ந்து ஒன்றரைக்குள்ளதான் உருவாகுது. அந்த நேரத்துல எம்ப்ளாயீஸ் ரிஸ்க்கான நிலையில இருக்காங்க. அதனால அந்த அரை மணிக்கு எல்லா சிஸ்டத்தையும் ஆஃப் பண்ணிடுவோம். பட்டையையும் கழட்டி வச்சிடுவோம். பசிக்கறவங்க அவங்கவங்க ஏதாவது கொண்டுவந்து சாப்பிட்டுக்கட்டும். இதுக்கு ரிஸ்க் இடைவெளின்னு பேர் வச்சிருக்கேன்."

பக்கத்தில் இருந்த நவ்ஷாத், "சார், இதுக்கு ஏற்கெனவே ஒரு பேரு இருக்கு," என்றான்.

"என்ன பேரு?"

நவ்ஷாத் அவர் முகத்தைப் பார்த்தான். ஆறு வருஷமாக மத்தியானம் சாப்பிடாத முகம். "ஒண்ணுமில்ல சார்," என்றான்.

அந்த வருஷத்தின் சிறந்த கண்டுபிடிப்புக்கான கோப்பை பரணீதரனுக்குப் போனது. அந்த அரை மணியை எல்லோரும் சாயங்காலம் இருந்து ஈடுகட்ட வேண்டும் என்று சேர்த்தே அறிவித்துவிட்டார், அதை எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள். லிங்கதுரைக்கு இனி வேலை இல்லை. கடைசியாக ஒருநாள் வந்து கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். சேர்மக்கனியை நிரந்தரமாக்குவதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் ஆயிற்று.

ரிஸ்க் இடைவெளியின் முதல் நாள், ஒரு மணிக்குத் திரைகள் அணைந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் நாலாவது மாடி எழுந்து நின்றது. பரணீதரன் இருட்டான திரைக்கு முன்னால் மவுஸைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். சேர்மக்கனி பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் படியில் இறங்கினாள். பாஸைத் திருப்பிக் கொடுக்க வந்த லிங்கதுரை கீழேயிருந்து ஏறி வந்தான். மூன்றாவது மாடித் திருப்பத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். வெளியே மழை கொட்டியது, அதற்குமேல் இறங்கிப் பிரயோஜனமில்லை. படியிலேயே உட்கார்ந்தார்கள்.

எவ்வளவோ பேச வேண்டும் என்று இரண்டு பேருமே வைத்திருந்தார்கள்.  அவன் டிபன் பாக்ஸைத் திறந்து அவள் கையில் கொடுத்தான். அவள் பிசைந்தாள், எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"ஏங்க, இப்ப இது யாருக்கும் போகாதுல்லா?"

"எது?"

"நான் நெனைக்கிறது."

"பட்டையக் கழட்டியாச்சேட்டி. எங்க போகும்?"

"அப்ப நான் அழுதா எவுகளுக்கும் ஒண்ணும் ஆகாது."

"ஆகாது."

அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள், அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல் ஆரம்பித்துச் சத்தமாக அழுதாள். உத்திரமேரூர்ப் பெரியவருக்காக அழுதாள், குழாய்மேல் உட்காராமல் போன மத்தியானங்களுக்காக அழுதாள், ஜெராக்ஸ் அறையில் விழுங்கிய எல்லாவற்றையும் சேர்த்து அழுதாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். அவன் தடுக்கவில்லை, ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மேலே யாரும் மூக்கை உறிஞ்சவில்லை.

வெகுநேரம் கழித்து, "என்ன கனி? என்னன்னு சொல்லு," என்றான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல. குழம்புல உப்பு இல்ல."

அவன் ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்தான்.

"ஆமா," என்றான். "யார்ட்டயும் சொல்லிராத."